கரும்பித்தம்

ஐரோப்பாவில் இரண்டு வருஷம் உத்தியோகம் பார்த்துவிட்டுத் திரும்பிய நண்பர் ஒருவர் என்னைப் பார்க்க வந்திருந்தார். சங்கீதப் பைத்தியம். காபி ஆறிக்கொண்டிருப்பதைக்கூடக் கவனிக்காமல், "இதைக் கேளுங்கள் ஸார், பாஷை புரியாது, பரவாயில்லை" என்று சொல்லித் தம் கைப்பேசியில் ஒரு பாட்டைப் போட்டார். ஆண் குரல். அவசரமே தெரியாத குரல். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, அதை விட மனசில்லாமல், இழுத்து, வளைத்து, தாழ்த்தி, கடைசியில் வேறு வழியில்லை என்பது போல் கீழே வைத்தது. பின்னால் அக்கார்டியன் ஒன்று, பாடுகிறவர் எப்போது மூச்சு வாங்குவார் என்று காத்துக்கொண்டிருந்தது. முடிந்ததும் நண்பர், "பாடினவர் தொழிலைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். மனநோய் ஆஸ்பத்திரி டாக்டர்!" என்றார்.

டாக்டரைப் பற்றிப் பிறகு சொல்லுகிறேன். அன்று இரவு நண்பர் போன பிறகு, அந்தப் பாட்டு வகையின் பெயரைத் தேடிக்கொண்டு போனேன். பெயரே என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது.

போஸ்னியா நாட்டு நகரங்களில் பிறந்த காதல் பாட்டு அது. 'ஸெவ்தாலின்கா' என்று பெயர். 'ஸெவ்தா' என்பது துருக்கிச் சொல். காதல், தாபம் என்று பொருள். துருக்கியர் அதை அரபியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அரபியில் அது கறுப்பு என்னும் சொல்லுக்கு நெருங்கிய உறவு. பழைய ஹக்கீம்களின் வைத்திய நூல்களில் அது கரும்பித்தத்தின் பெயர். உடம்பில் நான்கு திரவங்கள் உண்டு, அவற்றில் கரும்பித்தம் மிஞ்சினால் மனிதன் ஊண் உறக்கமின்றி ஒரே நினைவாகச் சோர்ந்து கிடப்பான் என்பது கிரேக்க வைத்தியர்களிடமிருந்து அரபு வைத்தியர்களுக்கு வந்த சித்தாந்தம். அந்த வியாதியின் பெயரைத் துருக்கியர் காதலுக்கு வைத்தார்கள். போஸ்னியர்கள் அதை வாங்கித் தங்கள் ஸ்லாவிய மொழியின் பெண்பால் விகுதி ஒன்றைப் பின்னால் ஒட்டிப் பாட்டுக்குப் பெயராக்கிவிட்டார்கள்.

நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பித்தத்திலிருந்துதான் நாமும் பித்தை எடுத்தோம். ஈசனையே பித்தன் என்று கூப்பிட்டவர்கள் நாம். ஈரலில் ஊறும் ஒரு கசப்பு நீருக்கும் மனசின் ஏக்கத்துக்கும் உறவு உண்டென்று எங்கோ ஒரு வைத்தியனும் எங்கோ ஒரு பாட்டுக்காரனும் தனித்தனியே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

துருக்கியர் போஸ்னியாவைப் பிடித்தது 1463-ஆம் ஆண்டில். அதையொட்டிய வருஷங்களில் ஈஸா பேக் என்ற தளபதி மில்யாத்ஸ்கா ஆற்றங்கரையில் சராயேவோ நகருக்கு வித்திட்டார். பதினாறாம் நூற்றாண்டில் காஸி ஹுஸ்ரெவ் பேக் என்ற ஆளுநர் மசூதியும் கலாசாலையும் கூரையிட்ட அங்காடியும் கட்டி, அவற்றை நடத்தத் தம் சொத்தையெல்லாம் எழுதிவைத்தார். ஊர் இரண்டு பாகமாக வளர்ந்தது. கீழே ஆற்றோரமாகக் கடைவீதி: செம்பு தட்டுகிறவனுக்கு ஒரு தெரு, தோல் தைக்கிறவனுக்கு ஒரு தெரு. மேலே மலைச்சரிவில் வீடுகள். குடியிருப்பு ஒவ்வொன்றுக்கும் 'மஹலா' என்று பெயர். நம் ஊர் உருதுக்காரர்கள் சொல்லும் மொஹல்லாதான். ஒவ்வொரு மஹலாவுக்கும் ஒரு சின்ன மசூதி, ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு ரொட்டி அடுப்பு.

இந்த மஹலா வீட்டை நான் மனசுக்குள் பல தடவை கட்டிப் பார்த்திருக்கிறேன். கதை எழுதுகிறவனுக்கு வீட்டின் அமைப்புத் தெரியாமல் ஆள்களை நடமாட விட முடியாது. தெருப்பக்கம் உயரமான மதில். பெரிய மரக்கதவு. உள்ளே கூழாங்கல் பாவிய முற்றம், ரோஜாச் செடி, நீரூற்று. மாடி மட்டும் மதிலுக்கு மேலே தெருவை எட்டிப் பார்ப்பது போல் துருத்திக்கொண்டு நிற்கும். அதன் ஜன்னலில் மெல்லிய மரச்சட்டங்களை நெருக்கிப் பின்னியிருக்கும். உள்ளே இருப்பவள் தெருவைப் பார்க்கலாம். தெருவில் போகிறவன் அவளைப் பார்க்க முடியாது. இதற்கு 'முஷெபாக்' என்று பெயர். இரண்டு வீட்டு முற்றங்களுக்கு நடுவே சுவரில் குனிந்து போகும்படியான ஒரு சின்னக் கதவும் உண்டு, அது 'கபிஜிக்'. பெண்கள் தெருவில் கால் வைக்காமலே வீடு வீடாகப் போய்வருவதற்கு.

பூட்டி வைத்தார்கள் என்றுதானே தோன்றுகிறது? ஆனால் அதே சமூகம் 'ஆஷிகோவான்யே' என்று ஒரு வழக்கத்தையும் அனுமதித்திருந்தது. வெள்ளிக்கிழமைகளிலும் பண்டிகை நாள்களிலும் வாலிபர்கள் நல்ல உடை உடுத்திக்கொண்டு மஹலாத் தெருக்களில் உலாவுவார்கள். கல்யாணமாகாத பெண் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு உள்ளே நிற்பாள். அல்லது ஜன்னல் பின்னலுக்குப் பின்னால் இருப்பாள். பேசலாம்; தொடக்கூடாது. பெரியவர்களுக்கு எல்லாம் தெரியும். தெரியாதது போல இருப்பார்கள். பேச்சு நின்றுபோன இடத்தில் பாட்டு வந்தது. ஒரு பக்கம் அவள் பாடுவாள், ஒரு பக்கம் அவன். கதவு முழுக்கத் திறந்திருந்தால் அந்தப் பாட்டுகள் பிறந்திரா. முழுக்க மூடியிருந்தாலும் பிறந்திரா.

அகப்பாட்டில் தலைவன் தலைவியின் பெயரைச் சொல்லக்கூடாது என்பது நம் இலக்கணம். போஸ்னியப் பாட்டு நேர்மாறு. பெண்ணின் பெயர், அவள் தகப்பன் பெயர், எந்த மஹலா, எந்த ஆற்றங்கரை என்று விலாசமே கொடுத்துவிடும். சராயேவோவின் கிழக்கு எல்லையில் ஆற்றங்கரையில் பெம்பாஷா என்று ஓர் இடம். அங்கே ஒருவன் வெள்ளை ஆட்டுக்குட்டியை நடத்திக்கொண்டு போனான். ஊர்ப் பெண்களெல்லாம் வாசலில் நிற்க, அவனுடையவள் மட்டும் ஜன்னல் பின்னலுக்குப் பின்னால் நின்றாள் என்று ஒரு பாட்டு. இன்றும் சராயேவோக்காரர் எந்த நாட்டில் இருந்தாலும் அதைக் கேட்டால் சும்மா இருக்கமாட்டார். வாசலுக்கு வராத அந்த ஒருத்தியை வைத்து ஒரு நாவலே எழுதலாம்.

பாட்டின் சங்கீதத்தைப் பற்றி நான் அதிகம் சொல்வதற்கில்லை, கேள்வி ஞானந்தான். மிகப் பழைய பாணியைச் 'சமமான பாட்டு' என்கிற பொருளில் ஒரு பெயரால் சொல்லுகிறார்கள். தாளக்கட்டு கிடையாது. நம் வித்துவான் கச்சேரிக் கடைசியில் விருத்தம் பாடுவதை நினைத்துக்கொண்டால் போதும். பக்க வாத்தியம் வைத்துக்கொண்டால் 'ஸாஸ்': நீண்ட கழுத்தும் உலோகத் தந்திகளும் உள்ள வாத்தியம். சில பாட்டுகளில் வகுளாபரணத்தின் சாயலை நாம் சுலபமாக அடையாளம் கண்டுகொள்ளலாம். ஸாஸ் ஆண்களின் வாத்தியம். பெண்கள் வீட்டுக்குள் வாத்தியமின்றிப் பாடினார்கள்; நெய்துகொண்டும், பூவேலை செய்துகொண்டும், தொட்டில் ஆட்டிக்கொண்டும். இந்தப் பாட்டுகளில் பெரும்பகுதியைக் கட்டியவர்கள் அவர்கள்தாம் என்று நினைக்க நியாயம் இருக்கிறது. ஜன்னலுக்குள்ளே இருந்து பார்த்தவளுக்கல்லாமல் அந்தத் தெரு அப்படித் தெரிந்திராது. அவர்களில் பெரும்பாலோரின் பெயர் மிஞ்சவில்லை.

1878-ல் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படை போஸ்னியாவுக்குள் வந்தது. துருக்கித் தொப்பிக்குப் பக்கத்தில் ஐரோப்பியத் தொப்பி; காபிக் கடைகளில் மேஜை நாற்காலி; அக்கார்டியன். ஸாஸில் இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே விரல் தேடிப் போகும் இடம் அக்கார்டியனில் கிடையாது. கட்டையை அழுத்தினால் அதற்கு விதித்த ஸ்வரந்தான் வரும். ஆனால் சத்தம் பெரிது, காபிக் கடை இரைச்சலுக்கு மேலே கேட்கும். வெற்றி அதற்கே. இதே குற்றத்துக்காக நம் ரேடியோவில் 1940-ல் ஹார்மோனியத்தைத் தள்ளி வைத்தார்கள். சராயேவோவிலோ பின்னால் ரேடியோவே அக்கார்டியனைச் சிம்மாசனத்தில் வைத்தது. எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. நண்பர் போட்ட பாட்டில் அந்த அக்கார்டியன் மூச்சடக்கிக் காத்திருந்ததைக் கேட்ட பிறகு எனக்கு அதன் பேரில் கோபம் வரமாட்டேன் என்கிறது.

1893-ல் லுட்விக் கூபா என்ற செக் தேசத்துக்காரர் போஸ்னியாவில் ஊர் ஊராகப் போய் நூற்றுக்கணக்கான மெட்டுகளை ஸ்வரப்படுத்தி எழுதினார். 1907-ல் கிராமபோன் கம்பெனிக்காரர்கள் சராயேவோவுக்கு வந்து தட்டில் பிடித்தார்கள். நம் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவு செய்து அப்போது ஐந்து வருஷந்தான் ஆகியிருந்தது. தட்டு வியாபாரிக்குக் கிடைப்பவர்கள் கடைவீதியில் பாடுகிற தொழில்காரர்கள். மதிலுக்குள் பாடியவளை அவன் எங்கே போய்ப் பிடிப்பான்?

அவளைப் பிடித்தது, வேறு எதையோ தேடிப் போன ஒருவர். மில்மன் பாரி என்ற அமெரிக்க அறிஞருக்கு ஹோமரின் காவியங்கள் எழுத்தில்லாமல் வாயால் எப்படிப் பாடப்பட்டிருக்கும் என்று கண்டுபிடிக்க ஆசை. அதற்காக 1933 முதல் 1935 வரை யூகோஸ்லாவியாவில் காவியம் பாடுகிற கிழவர்களைத் தேடி அலைந்தார். அலுமினியத் தட்டுகளில் பதிவு. போகிற போக்கில் பெண்களின் பாட்டுகளையும் சேர்த்துக்கொண்டார். ஹெர்ஸகோவினாவில் காட்ஸ்கோ என்ற சின்ன ஊரில் பெண்கள் அந்த இயந்திரத்தின் எதிரே உட்கார்ந்து பாடினார்கள். 1935 டிசம்பரில் துப்பாக்கி வெடித்துப் பாரி இறந்துபோனார். வயது முப்பத்து மூன்று. தட்டுகள் ஹார்வர்டுக்குப் போய்ச் சேர்ந்தன.

சில வருஷங்கள் கழித்து, யுத்தத்துக்குத் தப்பி நியூயார்க்கில் வந்து தங்கியிருந்த ஹங்கேரிய மேதை பேலா பார்ட்டோக், அந்தத் தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஊரை விட்டு வந்த ஏக்கம், பணமுடை, உடம்பில் வியாதி. காட்ஸ்கோப் பெண்களின் குரலில் ஓர் அசைவு, ஒரு நடுக்கம், சொல் நடுவே மூச்சு அறுகிற இடம் ஒன்றும் விடாமல் எழுதினார். எழுபத்தைந்து பாட்டுகள். பாரியின் மாணாக்கர் ஆல்பர்ட் லார்டுடன் சேர்ந்து செய்த அந்தப் புத்தகம் 1951-ல் வெளிவந்தது. பார்ட்டோக் அதைப் பார்க்கவில்லை, 1945-லேயே காலமாகிவிட்டார்.

இந்த இடத்தில் என் அத்தை ஒருத்தியைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சின்ன வயசிலேயே கணவனை இழந்து எங்கள் வீட்டோடு இருந்தவள். அரிசி புடைக்கும்போது பாடுவாள். தாலாட்டும் அல்ல, சாமி பாட்டும் அல்ல. ஒரு பெண் யாருக்கோ காத்திருக்கிறதைப் பற்றிய பாட்டு. யாராவது வந்தால் நிறுத்திவிடுவாள். நான் முதல் கதை எழுதிப் பத்திரிகையில் வந்தபோது அவள் இருந்தாள். பேனாவும் காகிதமும் என் கையில்தான் இருந்தன. ஒரு வரிகூட எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

சராயேவோ ரேடியோ 1945 ஏப்ரல் மாதம் ஆரம்பமாயிற்று. முதல் பாடகர்களில் ஒருவர் ஸயீம் இமாமோவிச். அந்த ரேடியோ இந்தப் பாட்டுக்கு அரண்மனையும் ஆயிற்று, பள்ளிக்கூடமும் ஆயிற்று. பாடகர்களைப் பரீட்சை செய்தார்கள். வாத்திய கோஷ்டி வைத்தார்கள். மூன்று மூன்றரை நிமிஷத்துக்குள் அடங்கும்படி பாட்டுகளை நறுக்கினார்கள். மஹலாவுக்கு மஹலா மாறிக்கொண்டிருந்த பாட்டுக்கு ஒரே உரு ஏற்பட்டது. மதிலுக்குள் பாடிய பெண்களின் பேத்திகள் ரேடியோவில் பாடிப் புகழ் பெற்றார்கள்: பேபா ஸெலிமோவிச், ஸெஹ்ரா தேயோவிச், ஸாஸையே துணையாக வைத்துக்கொண்டு பழைய பாணியை விடாத எமினா ஸெச்சாய்.

இனி நம் டாக்டர். ஹிம்ஸோ பொலோவினா. 1927-ல் மோஸ்தார் நகரில் பிறந்தவர்; சராயேவோவில் நரம்பு, மனநோய் வைத்தியர். பகலில் ஆஸ்பத்திரி, மற்ற நேரத்தில் ரேடியோ. பழைய பாடகர்களைத் தேடிப் போய் மறைந்துகொண்டிருந்த பாட்டுகளைக் கேட்டு வாங்கிவருவார். அவர் குரலில் அழுகை இல்லை. நோயாளி சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்கிற வைத்தியரின் பொறுமை அந்தக் குரலில் இருப்பதாக எனக்குத் தோன்றுவது, அவர் தொழில் தெரிந்துவிட்டதால் வந்த கற்பனையாகவும் இருக்கலாம். கரும்பித்த வியாதிக்கு வைத்தியம் செய்கிறவரே கரும்பித்தப் பாட்டைப் பாடினார் என்பதை நான் கதையில் எழுதியிருந்தால், ஆசிரியர் "கொஞ்சம் செயற்கையாக இருக்கிறதே" என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

நண்பர் போட்ட பாட்டு, நீரூற்றங்கரையில் நடக்கிற கதை. சுல்தானின் மகள் தினமும் மாலையில் அங்கே உலாவ வருகிறாள். ஓர் அடிமை வாலிபன் தினமும் அங்கே நின்று, நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே வருகிறான். ஒரு நாள் அவள், உன் பேர் என்ன, குலம் என்ன என்று கேட்கிறாள். காதலித்தால் செத்துப்போகிற குலத்தில் பிறந்தவன் என்று அவன் பதில் சொல்லுகிறான். அவ்வளவுதான். போஸ்னியாவில் இதை ஊர்ப்பாட்டு என்றே பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அது ஜெர்மன் கவி ஹைனேயின் கவிதை! அரேபியாவில் உத்ரா என்று ஒரு குலம். தொடாத காதலுக்கும் அதனால் வரும் சாவுக்கும் பேர் போனது. பிரெஞ்சு நாவலாசிரியர் ஸ்டெந்தால் 1822-ல் காதலைப் பற்றி எழுதிய நூலில் இந்தக் குலத்தின் கதைகளைச் சேர்த்தார். அதைப் பாரிஸில் இருந்த ஹைனே படித்தார். யூத குடும்பத்தில் பிறந்து, தாய்நாட்டை விட்டு வந்து, கடைசி வருஷங்களைப் படுக்கையிலேயே கழித்தவர். அவருடைய 1851-ஆம் வருஷத் தொகுதியில் இந்தக் கவிதை வந்தது. பிறகு அது போஸ்னிய மொழிக்கு வந்தது. மொழிபெயர்த்தவர் என்று ஸஃப்வெத் பேக் பஷாகிச்சின் பெயரைச் சொல்லுகிறார்கள். வியன்னாவில் படித்து, அரபியும் பாரசீகமும் தெரிந்த கவி. அரேபியாவில் கிளம்பிப் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் தங்கி, ஒரு முஸ்லிம் கவியின் கைப்பட்டு, மெட்டும் ஒட்டிக்கொண்டு, ஒரு டாக்டரின் தொண்டையில் வந்து இறங்கியிருக்கிறது. ஊருக்குள் வந்த பிறகு யாரும் அதை அந்நியன் என்று சொல்லவில்லை.

'எமினா'வும் அப்படித்தான். மோஸ்தாரில் அலெக்ஸா ஷாந்திச் என்ற ஸெர்பியக் கிறிஸ்தவக் கவி, அண்டையிலிருந்த இமாம் வீட்டுப் பெண்ணைப் பற்றி 1902-ல் எழுதிய கவிதை அது. அவன் வணக்கம் சொல்லுகிறான், அவள் திரும்பிப் பார்க்காமல் போகிறாள். ஷாந்திச் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளாமலே 1924-ல் இறந்தார். முஸ்லிம் பாடகர் பொலோவினா அதைப் பாடியபோது, கவியும் போனான், எமினாவும் போனாள் என்று சொல்லும் அடிகளும் சேர்ந்துகொண்டன.

யார் பாட்டு என்று கேட்கிற காலமும் வந்தது. 1941-ல் நாஜிகள் யூகோஸ்லாவியாவுக்குள் புகுந்தார்கள். ஸ்பெயினிலிருந்து 1492-ல் துரத்தப்பட்ட யூதர்களின் சந்ததியார் போஸ்னியாவில் நானூறு வருஷமாகப் பழைய ஸ்பானியப் பாட்டுகளைப் பாடிக்கொண்டு வாழ்ந்தவர்கள். அந்தக் குலத்தில், சராயேவோவில் பிறந்த ஃப்ளோரி என்ற பதினேழு வயதுப் பெண், ஸாக்ரெப்பிலிருந்து ஸ்ப்ளிட்டுக்குப் பொய்ப் பெயரில் ரயில் ஏறினாள். வாயைத் திறக்காதே, அக்கார்டியனை வாசித்துக்கொண்டே இரு என்று வளர்ப்புத் தந்தை சொல்லி அனுப்பியிருந்தார். எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகளை அவள் வாசித்தாள். வண்டியில் இருந்தவர்கள் சேர்ந்து பாடினார்கள். டிக்கெட் பரிசோதகரும் நின்று பாடினார், டிக்கெட் கேட்கவில்லை. ஃப்ளோரி யகோடா பின்னால் அமெரிக்காவில் குடியேறி, பாட்டியிடம் கற்ற பாட்டுகளைப் பாடிக்கொண்டு 2021 வரை வாழ்ந்தார். பாட்டியும் உறவினரும் 1942-ல் கொல்லப்பட்டுவிட்டார்கள்.

மறுபடியும் 1992. சராயேவோவை மலைகளிலிருந்து சூழ்ந்துகொண்டு சுட்டார்கள். முற்றுகை 1996 பிப்ரவரி வரை நீடித்தது. ஸயீம் இமாமோவிச் 1994-ல் முற்றுகைக்குள்ளேயே காலமானார். மோஸ்தாரில் 1566-ல் கட்டிய கல்பாலம் 1993 நவம்பரில் பீரங்கிக்கு விழுந்தது. 2004-ல் மறுபடி கட்டினார்கள். அந்த ஊரிலிருந்து 1998-ல் கிளம்பிய ஒரு கோஷ்டி, மோஸ்தார் பெயரையும் ஸெவ்தாவின் பெயரையும் சேர்த்து வைத்துக்கொண்டு, பழைய பாடகர்களைத் தேடிப் பிடித்து உலகமெல்லாம் அழைத்துப் போயிற்று. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ ஸெவ்தாலின்காவைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் சேர்ந்த பிறகு எதுவும் கொஞ்சம் அருங்காட்சிச் சாலை வாசனை அடிக்கும் என்பது என் பயம். நண்பர் சிரித்தார். ஸயீமின் பேரன் பாடுவதைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள் என்றார்.

தாமிர் இமாமோவிச். 1978-ல் பிறந்தவர், முற்றுகையின்போது பள்ளிக்கூடப் பையன். தாத்தாவும் தகப்பனாரும் பாடிய பாட்டை, அவர் அக்கார்டியனை விட்டுவிட்டு, கிடார் போலவும் ஸாஸ் போலவும் உள்ள ஒரு வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு பாடுகிறார். 2016-ல் இந்தப் பாட்டின் சரித்திரத்தைப் புத்தகமாக எழுதினார். அதில் அவர் திரும்பத் திரும்பச் சொல்லுவது, ரேடியோ செய்த உரு ஒன்றுதான் அசல் என்று நினைத்துவிட வேண்டாம் என்பது. 2023-ல் அலெக்ஸாந்தர் ஹெமோன் என்ற நாவலாசிரியர், ஒரு சராயேவோ யூதனுக்கும் ஒரு முஸ்லிம் சிப்பாய்க்கும் இடையிலுள்ள காதலைக் கதையாக எழுதியபோது, அதே தலைப்பில் பாட்டுகளைத் தொகுத்துப் பாடிக் கொடுத்தார். ஆண் பெண்ணின் வாக்கைப் பாடுவதும் பெண் ஆணின் வாக்கைப் பாடுவதும் இந்த மரபில் பழக்கந்தான்; பாட்டு ஆளைக் கேட்பதில்லை.

கச்சேரி மேடையை விட்டாலும் பாட்டு நடக்கிறது. பொழுது சாய்ந்ததும் நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, சின்னக் கிண்ணங்களில் சாராயமும் கடித்துக்கொள்ள ஏதாவதுமாக மெதுவாகப் பொழுதைப் போக்குவதற்கு அங்கே 'அக்ஷாம்லுக்' என்று பெயர். பேச்சு ஓய்ந்த சமயம் பார்த்து யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். மற்றவர்கள் கூடச் சேர அவசரப்படமாட்டார்களாம். முதல் அடி முடிகிற வரைக்கும் கிண்ணத்தைக்கூடக் கீழே வைக்கமாட்டார்களாம், சத்தம் கேட்கும் என்று.

நண்பர் அன்று கிளம்பும்போது அந்தப் பாட்டை இன்னொரு தடவை போடச் சொன்னேன். இரண்டாம் தடவை, நடுவில், உள்ளிருந்து என் மனைவி வந்து கதவோரம் நின்றுகொண்டாள். என்ன பாட்டு என்று கேட்கவில்லை. முடிந்ததும் ஆறிப்போன காபியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.